பெயர் சொல்லிக் கூப்பிடும் இடம்

அன்புள்ள அக்கா,

2024 மக்களவைத் தேர்தலில் ஆண்களைவிடப் பெண்கள்தான் கூடுதல் சதவீதம் வாக்களித்தார்கள் என்று படித்தேன். மாதம் ஆயிரம், இலவச பஸ், கேஸ் சிலிண்டர் என்று கொடுத்துக் கொடுத்துப் பெண்களின் ஓட்டை வாங்கிவிட்டார்கள் என்று தோன்றுகிறது. முன்பெல்லாம் வீட்டுக்கு ஒரு கட்சிதான். இப்போது என் மனைவி யாருக்குப் போட்டாள் என்று எனக்கே தெரியவில்லை. கேட்டால் சிரிக்கிறாள். இனி பெண்கள் ஓட்டு எந்தப் பக்கம் போகும்? இளைஞர்கள் ஓட்டு பற்றியும் எழுதுங்கள்.

செ., பனியன் கம்பெனி, திருப்பூர்

அன்புள்ள செ.,

உங்கள் கடிதம் வந்த வாரம்தான் ஊரில் ஆச்சியின் டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். திருநீற்றுச் சம்புடத்துக்கு அடியில் ஒரு பூத் சிலிப், நாலாக மடித்தது. அதிலிருந்து மனம் வேறெங்கும் போகவில்லை. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

இளைஞர்கள் பற்றி இன்னொரு நாள். எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல நான் ஆள் இல்லை. எண்ணும்போது இது ஆண் ஓட்டு, இது பெண் ஓட்டு என்று யாரும் பிரித்து எண்ணுவதில்லை. எத்தனை பெண்கள் வந்தார்கள் என்பது மட்டும்தான் கணக்கில் இருக்கும். யாருக்குப் போட்டார்கள் என்பதெல்லாம் கருத்துக்கணிப்புக்காரர்கள் சிலரிடம் கேட்டுச் சொல்வது.

ஆனால் "வாங்கிவிட்டார்கள்" என்று எழுதினீர்களே, அதை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் வாங்கும் விவசாயி ஓட்டை விற்றுவிட்டான் என்று சொல்வீர்களா? பழைய ஓய்வூதியம் கேட்டு அரசு ஊழியர் போராடினால் அதற்குக் கோரிக்கை என்று பெயர். உங்கள் தொழிலுக்கு வரிச்சலுகை கேட்டு நீங்களே மனு கொடுத்திருப்பீர்கள். பெண் கையில் ஆயிரம் ரூபாய் வந்தால் மட்டும் அது விலையா? இப்படி எழுத உங்களுக்குக் கூசவில்லையா தம்பி?

கணக்கும் உங்களுக்கு ஒத்து வராது. 1962-ல் ஆண்களில் 63.31 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள், பெண்களில் 46.63 சதவீதம் பேர். கிட்டத்தட்ட 17 புள்ளி வித்தியாசம். அது பல தேர்தல்களாகக் குறைந்து வந்து, 2019-லேயே பெண்கள் ஒரு மயிரிழை முன்னால் வந்துவிட்டார்கள். 2024-ல் ஆண்கள் 65.55, பெண்கள் 65.78. நீங்கள் சொல்லும் அந்த மாதம் ஆயிரம், நம் ஊர் மகளிர் உரிமைத்தொகை, தொடங்கியது 2023 செப்டம்பரில். பின்னால் வந்த பணம் முன்னால் நடந்ததற்கு எப்படிக் காரணமாகும்?

இந்தக் கதை எங்கே தொடங்கியது தெரியுமா? 1951-52, முதல் பொதுத்தேர்தல். வாக்காளர் பட்டியல் எடுக்கப் போனவர்களிடம் ஏராளமான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னார் மனைவி, இன்னார் மகள், அவ்வளவுதான். பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான், மத்திய பாரதம் பக்கம்தான் இது அதிகம். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் ஒப்புக்கொள்ளவில்லை. சொந்தப் பெயர் இருந்தால்தான் வாக்காளர் என்றார். பெயரைச் சொல்லிப் பதிய பீகாருக்குக் கூடுதல் அவகாசம்கூடக் கொடுத்தார். அப்படியும் சுமார் 28 லட்சம் பெண்களைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டியதாயிற்று. 28 லட்சம் பேர்! உயிரோடு இருந்தார்கள், வயது இருந்தது, பெயரும் இருந்தது. வெளியாளிடம் சொல்லும் வழக்கம் மட்டும் இல்லை. அவர் செய்தது கொடுமை என்று ஒருகாலத்தில் நினைத்தேன். இப்போது நினைக்கவில்லை, ஆச்சியால்.

எங்கள் ஊர் தென்காசிப் பக்கம். ஆச்சி பெயர் ஆவுடையம்மாள். அந்தப் பெயரில் அவளை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தெருவுக்கு அவள் மூத்தவன் அம்மா, தாத்தாவுக்கு "ஏட்டி". 1984 டிசம்பர், இந்திரா காந்தி இறந்த இரண்டாம் மாதம், மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் ஒரே நாளில் ஓட்டு. பள்ளிக்கூடத்தில் பூத். பெண்கள் வரிசை தனி. நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் மேசைக்காரர் பட்டியலில் விரலை ஓட்டி, ஏஜென்டுகளுக்குக் கேட்கிற மாதிரி உரக்க வாசித்தார்: "ஆவுடையம்மாள்!" ஆச்சி முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, "நான்தான்" என்றாள். வீட்டில் அப்படி ஒரு குரலில் அவள் பேசி நான் கேட்டதே இல்லை. இடதுகை விரலில் மையை வாங்கிக்கொண்டு, இரண்டு சீட்டையும் எடுத்துக்கொண்டு மறைப்புக்குள் போனவள் வர நேரமாயிற்று.

திரும்பும் வழியில் தாத்தா கேட்டார், "யாருக்குட்டி போட்ட?"

"பொட்டியில போட்டாச்சு."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. வீட்டுக்கு ஒரு கட்சி என்று நீங்கள் ஏங்குகிற அதே காலம்தான் இது. ஒரு கட்சி என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தீர்கள், அவ்வளவுதான்.

சரி, இன்னொன்று. பெண்களின் சதவீதம் ஏறியதில் ஆண்கள் வராததும் சேர்ந்திருக்கிறது. பீகாரில் 2015 சட்டமன்றத் தேர்தலில் பெண்கள் 60.48, ஆண்கள் 53.32. அந்த வராத ஆண்களில் பலர் எங்கே இருந்தார்கள் என்று நீங்கள் வெளியே தேட வேண்டாம். உங்கள் பனியன் கம்பெனியில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பெயர் அங்கே, ஆள் இங்கே. ரயிலில் போக இரண்டு நாள், வர இரண்டு நாள், போனால் சம்பளம் போச்சு. ஒரு நாள் தேர்தல் விடுமுறை அவர்களுக்கு எதற்கு ஆகும்?

உங்களிடம் அவர்கள் எத்தனை பேர் என்று எழுதுங்கள். அடுத்த மக்களவைத் தேர்தலுக்குச் சம்பளத்தோடு ஒரு வாரம் லீவு கொடுக்க முடியுமா என்றும் எழுதுங்கள். அப்புறம், வீட்டில் அந்தக் கேள்வியை இனிமேல் கேட்காதீர்கள்.

அன்புடன்,
அக்கா