செருப்பு மாட்டும்போது வரும் பேச்சு

கேள்வி: மன்னார்குடியிலிருந்து பஸ் ஏறித் தஞ்சாவூர் போய், மனநல ஆலோசகரை மூன்று முறை பார்த்துவிட்டேன். தூக்கம் வராததற்காகப் போனேன். அவர் சிறுவயதுக் கதைகளைக் கேட்டுக் குறிப்பெடுக்கிறார். வீட்டில் நடப்பதைச் சொல்ல வாய் வரவில்லை. பேச்சு வெளியே போய்விடுமோ என்ற பயம் வேறு. மனம் ஒட்டாத இடத்துக்குத் தொடர்ந்து போவதா, நிறுத்திவிடுவதா?

பதில்: நிறுத்துவதற்கு முன், எனக்கு எழுதிய இதே வரிகளை அவரிடம் சொல்லுங்கள். டாக்டர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு மருந்துச் சீட்டோடு வெளியே வரும் பழக்கம் நமக்கு. ஆலோசனைக்கு அது உதவாது. என்னிடம் வந்தவர்களிலும் சிலர் "அடுத்த வாரம் வருகிறேன்" என்று கும்பிட்டுப் போனவர்கள்தாம். எங்கே கசந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979-இல் இந்த உறவை மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்: எதற்காக வந்தோம் என்பதில் உடன்பாடு, அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்பதில் உடன்பாடு, இருவருக்கும் இடையிலான பிணைப்பு. மனம் ஒட்டவில்லை என்று மூன்றாவதைத்தான் நீங்கள் குறைசொல்கிறீர்கள். எனக்கோ பழுது முதல் இரண்டில் இருப்பதாகப் படுகிறது. நீங்கள் கேட்டது தூக்கம். சிறுவயதுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று அவர் விளக்கியதாகத் தெரியவில்லை, நீங்களும் கேட்கவில்லை. "இதை எதற்காகக் கேட்கிறீர்கள்?" என்பது மரியாதைக் குறைவான கேள்வி அல்ல. நல்ல ஆலோசகர் விளக்குவார், அல்லது வழியை மாற்றிக்கொள்வார். முகம் சுளித்தால் அதுவும் உங்களுக்கு ஒரு பதில்தான்.

பயத்துக்கு வருவோம். "எந்த ஊர், யார் வீட்டுப் பெண்?" என்று தொடங்கினால், கும்பகோணத்தில் ஏறியவர் நீடாமங்கலம் வருவதற்குள் உறவாகிவிடுகிற மண் இது. பஸ்ஸில் அது இதம்; ஆலோசனை அறையில் அதுவே கிலி. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியக் காப்பை உங்கள் உரிமையாக்கியிருக்கிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில நிலைமைகள் மட்டுமே விலக்கு. குறிப்பேடு யார் கையில் இருக்கும், வீட்டிலிருந்து போன் வந்தால் என்ன சொல்வார் என்று நேராகவே கேளுங்கள். உங்கள் உறவினர் அவருக்குப் பழக்கமென்றால், வேறொருவரிடம் அனுப்பச் சொல்லலாம்.

உங்களைக் கேட்காமல் கணவரிடம் பேசினாலோ, சாதியைக் கிளறினாலோ, "பெண்தான் பொறுத்துப்போக வேண்டும்" என்று உபதேசம் செய்தாலோ பிறகு யோசிக்கவே வேண்டாம், விலகிவிடுங்கள். இடையில் ஏதாவது ஓர் இரவு தாங்க முடியாமல் போனால் 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். கட்டணமில்லை, தமிழில் பேசலாம்.

வாய் வராவிட்டால் எழுதிக்கொண்டுபோய்க் கொடுங்கள், ஆனால் உட்கார்ந்தவுடன். கனமான விஷயத்தைப் பலர் எழுந்து செருப்பு மாட்டும்போதுதான் சொல்கிறார்கள். அதற்குள் அடுத்தவர் வாசலில் நிற்பார். ஆலோசகரால் "அடுத்த முறை பேசலாம்" என்றுதான் சொல்ல முடியும்.