குடியிருக்கும் வீட்டில் பேய் தேடுவோர்க்கு: வாசகர் கேள்வி – பதில்

இரவு நேரத்தில் வீடுகளுக்குச் சென்று அமானுஷ்ய நிகழ்வுகளை ஆராயும் தன்னார்வக் குழுக்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் விடையளிக்கிறேன். பேய் உண்டா, இல்லையா என்று கேட்டு எழுதியவர்களும் பலர். அந்த விவாதத்துக்குள் நான் செல்லவில்லை. உண்டு என்று நம்பிச் செல்பவருக்கும், இல்லை என்று காட்டச் செல்பவருக்கும், அழைத்த குடும்பத்தின்பால் உள்ள கடமை ஒன்றுதான்.

கேள்வி: நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறோம். மின்காந்தப் புலத்தை அளக்கும் மீட்டர், ஒலிப்பதிவுக் கருவி, இருட்டில் படமெடுக்கும் கேமரா ஆகியவை எங்களிடம் உள்ளன. இதுவரை பாழடைந்த கட்டடங்களுக்கே சென்றிருக்கிறோம். இப்போது முதன்முறையாக ஒரு குடும்பம் தங்கள் வீட்டுக்கு அழைத்திருக்கிறது. எப்படித் தயாராவது? (கல்லூரி மாணவர், கோவை)

பதில்: பாழடைந்த கட்டடத்தில் நீங்கள் என்ன சொன்னாலும் அதைக் கேட்டு அஞ்சுவதற்கு அங்கே ஆளில்லை. குடியிருக்கும் வீட்டில் நீங்கள் விடியற்காலையில் கருவிகளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். அவர்களோ அன்றிரவும் அதே அறையில், நீங்கள் சொல்லிவிட்டுப் போன சொற்களோடு படுத்தாக வேண்டும். உங்கள் தயாரிப்பு முழுவதும் இந்த ஒரு நினைவிலிருந்தே தொடங்க வேண்டும்.

முதல் முறை இரவில் செல்லாதீர்கள். இருவர் மட்டும், கருவி ஏதுமின்றிப் பகலில் சென்று பேசுங்கள். அழைத்தவர் யார், வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு அதில் சம்மதம் உண்டா, வாடகை வீடாயின் உரிமையாளருக்குத் தெரியுமா என்பவற்றைக் கேளுங்கள். மகன் அழைத்து, தாய் விரும்பாத வீட்டில் கேமரா வைக்க உங்களுக்கு உரிமையில்லை. எந்த அறைகளுக்குள் செல்வீர்கள், எதைப் பதிவு செய்வீர்கள், பதிவு யாரிடம் இருக்கும், எப்போது அழிக்கப்படும் என்பவற்றைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்குங்கள். எந்த நேரத்திலும் ‘போதும், நிறுத்துங்கள்’ என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும்.

அடுத்தது கேள்வி கேட்கும் முறை. ‘வெள்ளைப் புடவை கட்டிய பெண்ணைப் பார்த்தீர்களா?’ என்று கேட்டால் அந்தப் பெண்ணை நீங்களே வீட்டுக்குள் கொண்டுவந்து விட்டீர்கள் என்று பொருள். ‘என்ன பார்த்தீர்கள், அப்போது எங்கே இருந்தீர்கள், என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?’ என்று மட்டும் கேளுங்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியே கேளுங்கள். இங்கிலாந்தில் போர்லி என்ற ஊரில் பேய் வீடென்று பெயர்பெற்ற பாதிரியார் இல்லத்தை, ஆவி ஆராய்ச்சியாளர் ஹாரி பிரைஸ் 1937இல் வாடகைக்கு எடுத்து, நாளிதழில் விளம்பரம் செய்து பார்வையாளர்களைத் திரட்டினார். அவர்களுக்கென்று அவர் அச்சிட்டுக் கொடுத்த கையேட்டில், அங்கே என்னென்ன நிகழக்கூடும் என்பதும் எழுதப்பட்டிருந்தது. எதை எதிர்பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவரின் சாட்சியத்தை எப்படி எடைபோடுவது? குடும்பத்தாரிடம் நீங்கள் கேட்கும் கேள்விக்கும் இதே குறை வரக்கூடாது.

பிறகு வீட்டைப் பாருங்கள். இங்கே ஒரு பழைய நிகழ்வைச் சொல்ல வேண்டும். 1921இல் வில்லியம் வில்மர் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர், ஒரு குடும்பத்தின் அனுபவத்தை மருத்துவ இதழொன்றில் வெளியிட்டார். அந்த வீட்டில் குடியேறிய பின் காலடி ஓசை கேட்டது, விசித்திர உருவங்கள் தெரிந்தன, பிள்ளைகள் வெளிறிப் போனார்கள், எல்லோருக்கும் தலைவலி, தொட்டிச் செடிகளும் வாடின. கடைசியில் வீட்டைச் சூடேற்றும் உலை பழுதடைந்து, புகைபோக்கி வழியே வெளியேற வேண்டிய புகை வீட்டுக்குள்ளேயே பரவியது கண்டறியப்பட்டது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் கிடையாது. நம் ஊர் வீடுகளில் அந்த உலை இல்லை. ஆனால் காற்றோட்டமில்லாத குளியலறையில் எரிவாயு கீசர் இருக்கிறது, மழைக்காலத்தில் மூடிய அறைக்குள் கரி அடுப்பு இருக்கிறது, கீழ்த்தளத்துக் கடையின் ஜெனரேட்டர் இருக்கிறது. தலைவலியும் மயக்கமும் உருவத் தோற்றமும் சேர்ந்து சொல்லப்பட்டால், கேமராவை வைத்துவிட்டு முதலில் சன்னல்களைத் திறந்து எல்லோரையும் வெளியே அழைத்து வாருங்கள். ஆவி ஆராய்ச்சியில் மூழ்கி, அந்தக் குடும்பத்தை நச்சுப் புகைக்குள் இன்னோர் இரவு படுக்க வைத்த பழி உங்களுக்கு வேண்டாம்.

உங்கள் மீட்டரைப் பற்றியும் ஒரு சொல். சுவருக்குள் ஓடும் கம்பி, இன்வெர்ட்டர், குளிர்சாதனப் பெட்டியின் மோட்டார், சட்டைப் பையிலுள்ள செல்போன் ஆகிய அனைத்துக்கும் அதன் விளக்கு எரியும். அது எரிந்தவுடன் வீட்டார் காதுபட ‘இங்கே ஏதோ இருக்கிறது’ என்று ஒருபோதும் சொல்லாதீர்கள்.

கேள்வி: மாமியார் இறந்த சில மாதங்களில் மாடியில் காலடி ஓசை கேட்பதாக என் கணவர் சொன்னார். ஒரு குழுவினரை அழைத்தோம். அலைவரிசைகளை மாற்றிக்கொண்டே ஒலிக்கும் கருவி ஒன்றில் ‘போ’ என்ற சொல் கேட்டதாகவும், ஆசை நிறைவேறாத ஆவி ஒன்று இங்கே இருப்பதாகவும் கூறி, பரிகாரம் செய்ய ஒருவரின் எண்ணைக் கொடுத்துச் சென்றார்கள். அவர்கள் வெளியிட்ட காணொளியில் எங்கள் வாசலும் தெருவும் தெளிவாகத் தெரிகின்றன. அன்று முதல் கணவர் மாடிக்குப் போவதில்லை. பத்து வயது மகள் தனியே குளியலறைக்கும் செல்வதில்லை. நாங்கள் என்ன செய்வது? (வாசகி, திருச்சி)

பதில்: அம்மா, உங்கள் வீட்டில் நடந்தது ஆய்வு அன்று. இறப்பின் துயரத்தோடு இருந்த குடும்பத்திடம் அச்சத்தை விட்டுச் சென்றிருக்கிறார்கள்.

முதலில் உங்கள் கணவரிடம் ஒன்றைச் சொல்லுங்கள். 1971இல் டெவி ரீஸ் என்ற மருத்துவர், வேல்ஸ் நாட்டில் துணையை இழந்த 293 பேரைச் சந்தித்துப் பேசி எழுதிய கட்டுரை, பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர், இறந்தவர் அருகில் இருப்பதாக உணர்ந்தோ, அவரைப் பார்த்தோ, குரலைக் கேட்டோ இருந்தார்கள். பெரும்பாலோர்க்கு அது ஆறுதலாகவே இருந்தது. பலர் அதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. தாயின் காலடி ஓசையை மகன் கேட்டதில் அஞ்சவோ வெட்கப்படவோ ஏதுமில்லை. அவருக்கு அப்போது தேவைப்பட்டது, தாயைப் பற்றி உட்கார்ந்து பேச ஓர் ஆள். வந்தவர்கள் அந்தத் தாயையே அஞ்சத்தக்க ஒன்றாக மாற்றிவிட்டுப் போனதுதான் எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

அந்தக் கருவி வானொலி நிலையங்களை நொடிக்குப் பலவாகத் தாண்டிச் செல்கிறது. பாட்டு, செய்தி, விளம்பரம் ஆகியவற்றின் துண்டு ஒலிகள் தொடர்ந்து வந்து விழும். ‘போ’ என்ற ஓரெழுத்து ஒலி தமிழ் ஒலிபரப்பில் எந்த நொடியிலும் வரக்கூடியது. ஐயமிருந்தால், காணொளியின் அந்தப் பகுதியை விவரம் அறியாத உறவினர் சிலருக்குத் தனித்தனியே ஒலியாக மட்டும் போட்டுக் காட்டி, கேட்டதை எழுதித் தரச் சொல்லுங்கள். ஆளுக்கொன்று எழுதுவார்கள். ‘போ என்கிறது, கேளுங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போட்டால் எல்லோருக்கும் ‘போ’ என்றே கேட்கும். கணவரையும் அருகில் வைத்துக்கொண்டு இதைச் செய்து பாருங்கள்.

பரிகாரத்துக்குக் கொடுக்கப்பட்ட எண்ணை அழைக்காதீர்கள். ஆராய வந்தவரே அச்சத்தைத் தந்து, அதைத் தீர்க்க ஆளையும் காட்டுவது எந்த நெறிக்கும் ஒவ்வாதது. உங்கள் குல வழக்கப்படி திதி கொடுப்பதும் விளக்கேற்றுவதும் வேறு. அவற்றை நீங்கள் விரும்பியபடி செய்யுங்கள். காணொளியை நீக்கும்படி அந்தக் குழுவுக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். மறுத்தால் யூடியூபில் தனியுரிமைப் புகார் அளிக்க வழியுண்டு. மகளைக் கேலி செய்யாமல், கட்டாயப்படுத்தாமல், சில நாட்கள் யாரேனும் உடன் செல்லுங்கள். சில வாரங்களுக்குப் பிறகும் அச்சம் தணியாவிட்டால் குழந்தைகள் நல மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: வீட்டுக்குச் செல்லும் குழு கட்டணம் வாங்கலாமா? (வாசகர், சேலம்)

பதில்: கூடாது. போக்குவரத்துச் செலவைக்கூட முன்னதாகவே சொல்லி, அவர்கள் மனமுவந்து தந்தால் மட்டும் பெறலாம். பணம் கைமாறியபின் ‘இங்கே ஒன்றுமில்லை’ என்று சொல்வது கடினமாகிவிடும். காணொளி வருமானமும் பணம்தான். அதை எதிர்பார்த்துச் செல்பவர் அதை முதலிலேயே வீட்டாரிடம் சொல்ல வேண்டும்.

கேள்வி: நான் வசிக்கும் லண்டனின் வடபகுதியில் என்ஃபீல்டு வீட்டைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். அங்கே உண்மையில் தவறு நடந்ததா? (வாசகர், லண்டன்)

பதில்: 1977 ஆகஸ்ட் இறுதியில், கணவரைப் பிரிந்து நான்கு பிள்ளைகளோடு மாநகராட்சி வீட்டில் வாழ்ந்த ஒரு தாய், சுவரில் தட்டும் ஓசை கேட்கிறது, மேசை நாற்காலிகள் நகர்கின்றன என்று காவல் துறையை அழைத்தார். நாளிதழ் நிருபர்கள் வந்தார்கள். அமானுஷ்ய நிகழ்வுகளை ஆராய 1882 முதல் இயங்கிவரும் ‘சொசைட்டி ஃபார் சைக்கிகல் ரிசர்ச்’ என்ற கழகத்தின் சார்பில் மாரிஸ் குரோஸ் வந்தார். கை லயன் பிளேஃபேர் அவரோடு சேர்ந்தார். ஓராண்டுக்கும் மேலாக அந்தச் சிறிய வீட்டில் நிருபர்களும் ஆய்வாளர்களும் வந்துபோனபடி இருந்தார்கள். அந்தத் தாயின் பதினொரு வயது மகளின் தொண்டையிலிருந்து வந்த கரகரத்த ஆண்குரலோடு பெரியவர்கள் மணிக்கணக்கில் உரையாடினார்கள். அதே கழகத்தைச் சேர்ந்த அனிதா கிரெகரி, பிள்ளைகள் ஏமாற்றுகிறார்கள் என்று கருதினார். சில நிகழ்வுகளைத் தாமே செய்ததாகப் பிள்ளைகளும் பின்னாளில் ஒப்புக்கொண்டார்கள். பெரும்பகுதி உண்மை என்பதில் மட்டும் அவர்கள் மாறவில்லை.

எது உண்மை என்ற வழக்கு அப்படியே இருக்கட்டும். குரோஸும் பிளேஃபேரும் அந்தத் தாய்க்கு உண்மையாகவே துணை நின்றவர்கள். அதை மறுப்பது நியாயமாகாது. எனினும் ஒரு சிறுமி ஏதேனும் செய்தால்தான் வீடு நிறையப் பெரியவர்கள் கவனிப்பார்கள் என்ற நிலை அங்கே உருவாகிவிட்டது. பள்ளியில் தான் பேய்ப்பெண் என்று இழிவுபடுத்தப்பட்டதை அவர் வளர்ந்தபின் பேட்டியில் சொன்னார். பதினெட்டு வயது நிரம்பாதவர் மையமாக உள்ள வீட்டில் இரவுக் காவல் இருக்கக் கூடாது, பிள்ளையைத் தனியே விசாரிக்கக் கூடாது, முகமோ பெயரோ வெளிவரக் கூடாது, எதையும் செய்து காட்டச் சொல்லவே கூடாது என்பவை என் உறுதியான கருத்துகள்.

இலங்கையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர், தாவரவியல் ஆசிரியராக ஓய்வு பெற்றபின் இத்தகைய வீடுகள் பலவற்றுக்குச் சென்றார். கல் விழும் வீட்டில் அவர் பேயைத் தேடவில்லை. குடும்பத்தார் ஒவ்வொருவரோடும் பேசி, யார் மனவேதனையில் இருக்கிறார் என்று தேடினார். அதைக் கண்டுபிடித்த பின்னர்தான் கடினமான வேலை தொடங்குகிறது. பிள்ளைதான் கல்லெறிந்தது என்று தெரிந்தால் தெருவார் முன்னிலையில் அறிவிக்காதீர்கள். பெற்றோரிடம் மட்டும், அடிக்க மாட்டோம் என்று அவர்களிடம் உறுதி பெற்ற பிறகு, அந்தப் பிள்ளைக்கு என்ன துன்பம் என்று கேட்கும்படி சொல்லுங்கள். பிள்ளையை யாரேனும் துன்புறுத்துவதாக ஐயம் எழுந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழைக்கத் தயங்காதீர்கள்.

கேள்வி: நாங்கள் சென்ற ஒரு வீட்டில் 19 வயது இளைஞர் வேறு குரலில் பேசுகிறார், சரியாகச் சாப்பிடுவதில்லை. அவருக்குள் இருப்பதோடு பேசி அதை அனுப்பிவிடுமாறு பெற்றோர் கெஞ்சுகிறார்கள். பேசிப் பார்க்கலாமா? (குழு உறுப்பினர், சென்னை)

பதில்: பேசாதீர்கள். அன்றைய ஆய்வை அத்துடன் நிறுத்துங்கள். ஜெர்மனியில் வலிப்பு நோய்க்குச் சிகிச்சை பெற்று வந்த அன்னலீஸ் மிஷேல் என்ற இளம்பெண், மாதக்கணக்கில் நடந்த பேயோட்டும் சடங்குகளுக்குப் பின், உணவின்றி எலும்பும் தோலுமாக 1976இல் இறந்தார். 1978இல் அவருடைய பெற்றோரும் பாதிரியார் இருவரும் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களில் யாரும் அந்தப் பெண்ணுக்குத் தீங்கு நினைத்தவர் இல்லை. நம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது.

அந்தக் குரலுக்கு நீங்கள் ஒருமுறை பதில் சொன்னாலும், ‘ஆராய்ச்சி செய்பவர்களே ஒப்புக்கொண்டார்கள்’ என்று பெற்றோர் மருத்துவரைத் தள்ளிப்போடுவார்கள். அதே வேளையில் ‘இது மனநோய்’ என்று நீங்கள் முடிவு கட்டுவதும் தவறு. அதைச் சொல்லும் தகுதி உங்களுக்கும் எனக்கும் இல்லை. ‘கோயிலுக்கோ தர்காவுக்கோ போவதை நாங்கள் தடுக்கவில்லை. பிள்ளை சாப்பிடாமல் இளைத்திருக்கிறான், நாளைக் காலை அரசு மருத்துவமனையில் காட்டிவிடுவோம், வேண்டுமானால் எங்களில் ஒருவர் கூட வருகிறோம்’ என்று சொல்லுங்கள். தயங்கினால் 14416 என்ற மனநல உதவி எண்ணில் அவர்களையே பேச வையுங்கள். தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் நிலையெனில் உடனே 108.

கேள்வி: ஆய்வு முடிந்தபின் எங்களால் எதையும் விளக்க முடியவில்லை என்றால் வீட்டாரிடம் என்ன சொல்வது? (வாசகர், மதுரை)

பதில்: விளக்க முடியவில்லை என்றே சொல்லுங்கள், அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். எழுத்தில் தரும் அறிக்கையில், எந்த நேரத்தில் எங்கே இருந்தீர்கள், என்ன பதிவானது, அவற்றில் எவற்றுக்குக் காரணம் தெரிந்தது என்பவை மட்டும் இருக்கட்டும். தளர்ந்த கதவுக்கீல், தண்ணீர்க் குழாயின் அதிர்வு, ஓட்டின்மேல் ஓடும் மரநாய் போன்றவற்றைக் கண்டிருந்தால் அவற்றைச் சரிசெய்யும் வழியையும் எழுதுங்கள். உறக்கத்தில் மார்பை அழுத்தியது என்று யாரேனும் சொல்லியிருந்தால், நம்மவர் அமுக்குவான் பேய் என்று சொல்லும் அந்த நிலை மருத்துவம் நன்கறிந்த தூக்க முடக்கம் என்பதையும், மல்லாந்து படுக்கும்போதும் உறக்கம் கெட்ட நாட்களிலும் அது கூடுதலாக வரும் என்பதையும் நேரில் விளக்குங்கள். அறிக்கையைத் தபாலில் அனுப்பாமல் பகல் நேரத்தில் கொண்டுபோய், எல்லோரும் இருக்கும்போது படித்துக் காட்டுங்கள். இரண்டு வாரம் கழித்துத் தொலைபேசியில் அழைத்து, ‘ஓசை இன்னும் கேட்கிறதா?’ என்று கேட்பதற்கு முன், ‘எல்லோரும் உறங்குகிறீர்களா?’ என்று கேளுங்கள்.