கம்பெனி என்றால் எந்தக் கம்பெனி?

அன்புள்ள ஐயா,

என் அப்பா தரைப்படையில் 24 ஆண்டுகள் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். கடைசி ஐந்து ஆண்டுகள் கம்பெனி குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தார். அதில் இரண்டு ஆண்டுகள் லடாக்கில். கடலூர் சிப்காட்டில் மூன்று இடங்களில் ஸ்டோர்ஸ் வேலைக்குக் கேட்டோம். மூன்றிலும் “செக்யூரிட்டி வேலை வேண்டுமானால் தருகிறோம்” என்றார்கள். பயோடேட்டா நான் எழுதியது, இணைத்திருக்கிறேன். என்ன தப்பு செய்தேன்?

வாசகி, பண்ருட்டி

அன்புள்ள வாசகிக்கு,

பயோடேட்டாவை இரண்டு முறை படித்தேன். எழுதியிருப்பதெல்லாம் உண்மை, ஆனால் அதைப் படிக்கிற ஹெச்.ஆர். அதிகாரிக்குப் பாதிகூடப் புரிந்திருக்காது. முதல் வரியிலேயே ‘கம்பெனி’ வருகிறது. சிப்காட்டில் கம்பெனி என்றால் ஆலை. பட்டாளத்தில் அது நூறு, நூற்றிருபது பேர் கொண்ட பிரிவு. குவார்ட்டர் மாஸ்டர் என்றால் அந்தப் பிரிவின் ஸ்டோர்ஸைப் பார்ப்பவர்; அந்தப் பெயரை அவர் கேள்விப்பட்டே இருக்கமாட்டார். மிஞ்சுவது ஹவில்தார். அதைப் படித்ததும் அவர் கண்முன் வருவது கேட்டில் நிற்கும் ஆள்தான்.

அந்த வரியை எடுத்துவிட்டு இப்படி எழுதுங்கள்: ‘சுமார் 120 பேருக்கான உணவுப் பொருள், உடை, கூடாரம், தளவாடங்களுக்கு ஐந்து ஆண்டுகள் ஸ்டோர்ஸ் பொறுப்பு. லெட்ஜர், இஷ்யூ வவுச்சர், இருப்புச் சரிபார்ப்பு, பழுதான பொருள்களைக் கணக்கிலிருந்து நீக்குதல்.’ பதவிப் பெயர் அதற்குக் கீழே சிறியதாக இருக்கட்டும். எண்ணிக்கைகளை அப்பாவிடம் கேட்டுச் சரியாகப் போடுங்கள்.

லடாக்கை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்களே! பனி விழுந்து, காஷ்மீரிலிருந்து லடாக் போகும் பாதையிலுள்ள ஸோஜிலா கணவாய் மூடிக்கொண்டால் அந்த வழியாக லாரி வராது. மாதக்கணக்கில் வேண்டிய அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் கோடையிலேயே ஏற்றி அடுக்கியாக வேண்டும். எவ்வளவு கேட்டார், எதை முதலில் எடுத்துச் செலவழித்தார், கெட்டுப்போகாமல் எப்படிக் காத்தார் என்று அப்பாவை உட்காரவைத்துக் கேளுங்கள். 2011 டிசம்பர் கடைசியில் ‘தானே’ புயல் அடித்தபோது கடலூரில் ஸ்டோர்ஸ் பார்த்த எவருக்கும், பாதை அடைபட்டால் கையிருப்பு என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படிப்பட்டவரிடம் இந்த மொழியில் பேசினால் உடனே பிடித்துக்கொள்வார்.

நேர்காணலில் இன்னொரு சிக்கல் வரும். பட்டாளத்துக்காரர்கள் ‘நான் செய்தேன்’ என்று சொல்லமாட்டார்கள். ‘நாங்கள் செய்தோம்’, இல்லாவிட்டால் ‘டியூட்டி பார்த்தேன்’. அந்தப் பணிவு எனக்குப் பிடிக்கும். ஆனால் எதிரில் இருப்பவருக்கு இவர் பங்கு எது என்று தெரியாது. நான்கைந்து சம்பவங்களை ‘நான்’ போட்டுச் சொல்லிப் பழகச் சொல்லுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் சித்தப்பா பட்டாளத்தின் தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் 17 ஆண்டு இருந்தவர். ஊருக்கு வந்தபின் புதுச்சேரியில் ஒரு ஏடிஎம் வாசலில் காவலுக்கு நின்றார். அவர் இறந்தபின் டிரங்குப் பெட்டியைத் திறந்தபோதுதான் தொலைபேசி லைன், எக்ஸ்சேஞ்ச் பராமரிப்புப் பயிற்சிச் சான்றிதழ்களைப் பார்த்தோம். உயிரோடு இருந்தவரை வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை, நான் உட்பட.

அப்புறம், டிஸ்சார்ஜ் புத்தகத்தில் நடத்தை பற்றிய குறிப்பு இருக்கும். ‘எக்ஸம்ப்ளரி’ என்று இருந்தால் அதுதான் மிக உயர்ந்த மதிப்பீடு என்று ஒரு வரி விளக்கி எழுதுங்கள். முகாம் இருந்த சரியான இடம், ஆயுத விவரம் எதுவும் வேண்டாம். பத்தாம் வகுப்பும் 15 ஆண்டுப் பணியும் உள்ளவர்களுக்குப் பட்டப்படிப்புக்கு இணை என்று படை தரும் சான்றிதழ் மத்திய அரசின் குரூப் சி வேலைகளுக்கு உதவும். தனியார் அதை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. கடலூரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வேலைக்குப் பதிந்திருக்கிறாரா என்றும் பாருங்கள்.

ஒரு குறை உண்மையிலேயே இருக்கிறது. அப்பா கையால் லெட்ஜர் எழுதியவர், இங்கே எல்லாம் கணினி. டேலி என்ற கணக்கு மென்பொருளில் இருப்புக் கணக்கு வைப்பதைக் கற்றுக்கொள்ளட்டும். கணக்கு அவருக்குத் தெரியும், பழக வேண்டியது விசைப்பலகை மட்டும்தான்.

லடாக் கணக்கைக் கேட்டு எழுதியதும் புதிய பயோடேட்டாவை எனக்கு அனுப்புங்கள். வரி வரியாகப் பார்த்துத் தருகிறேன்.