குளத்துச் சேறும் முதல் கலமும்

வணக்கம் அக்கா,

ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் வயல் இருக்கிறது. ஆவணியில் அங்குள்ள சிறுகுளம் வற்றி, அலைகரை முழுக்க வெடித்துக் கிடக்கும். மாரி தொடங்கினால் கொஞ்ச நாளிலேயே தவளை, மீன்குஞ்சு, பூச்சி எல்லாம் வந்துவிடும். "ஈரம் பட்டாச் சேத்துக்குள்ள இருந்து உயிர் தானா வரும்" என்பார் அப்பா. உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற என் மகளோ, லூயி பாஸ்டர் அதை எப்போதோ பிழையென்று காட்டிவிட்டார் என்று அப்பப்பாவோடு சண்டை. அப்படியென்றால் முதல் உயிர் மட்டும் எப்படி வந்தது? ஆய்வுகூடத்தில் யாராவது அதைச் செய்து காட்டியிருக்கிறார்களா?
— ச.

அன்பின் தம்பி,

மீன் விஷயத்தில் மகள் சொல்வதுதான் சரி. விரால் ஈரச் சேற்றுக்குள் புதைந்து தாக்குப்பிடிக்கும். தவளை மண்ணுக்குள் இறங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத நீருயிர்களின் முட்டைகள் காய்ந்த மண்ணிலேயே வருடக்கணக்கில் கிடக்கும். மிச்சம், மேல்குளம் வான் பாயும்போது வாய்க்காலோடு வருபவை. எல்லாமே ஏற்கெனவே இருந்த உயிர்களின் பிள்ளைகள்தான்.

ஆனால் அப்பாவை அப்படியே தள்ளிவிடாதீர்கள். குளம் வற்றுவதும் நிறைவதுமாக அவர் பார்த்துக்கொண்டிருக்கிறாரே, முதல் கலத்தை, அதாவது உயிரின் மிகச்சிறிய அலகை, தேடுகிறவர்களில் ஒரு சாரார் பார்ப்பதும் அதையேதான்.

பாஸ்டர் 1860களில் காட்டியது, கொதிக்கவைத்து மூடிய சாற்றில் கிருமி தானாக உண்டாகாது என்பதை. பூமியின் வயது 454 கோடி ஆண்டு. அதன் தொடக்க காலத்தில் என்ன நடந்தது என்பதற்கு அந்தக் குடுவை சாட்சி சொல்லாது. அப்போது காற்றில் ஒட்சிசன் இல்லை என்றே சொல்லலாம். இன்னொன்று, அன்று தின்ன ஆளில்லை. 1871இல் டார்வின் தன் நண்பர் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில் இதைத்தான் சொன்னார்: வெதுவெதுப்பான சிறு குட்டையொன்றில் இன்றைக்கு ஒரு புரதம் உண்டானாலும், இருக்கிற உயிர்கள் அதை உடனே தின்றுவிடும். உங்கள் குளத்துச் சேற்றில் புது உயிர் தோன்றாததற்கு இது ஒன்றே போதும்.

கலம் என்றால் முதலில் ஓர் உறை வேண்டும். கொழுப்பின் மூலக்கூறான கொழுப்பமிலங்களைத் தண்ணீரில் விட்டால், காரத்தன்மை பொருத்தமாக இருந்தால் தாமாகவே சின்னச்சின்னக் குமிழிகளாகச் சேரும். அந்தக் குமிழியின் சுவர் இரட்டை அடுக்கு. நம் கலமென்சவ்வும் அதே அமைப்புத்தான். சரக்கு எங்கிருந்து வந்திருக்கும் என்று கேட்டால் வானத்தையும் காட்டலாம். 1969இல் அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசனில் விழுந்த விண்கல்லிலிருந்து பிரித்தெடுத்த பொருள்கள் தண்ணீரில் இப்படிக் குமிழிகளானதை டேவிட் டீமர் என்ற அமெரிக்கர் 1985இல் காட்டினார்.

காய்ந்து நனைவது இங்கேதான் வருகிறது. தண்ணீர் வற்ற வற்றக் குமிழிகள் உடைந்து, பாய்களை அடுக்கியதுபோலப் படலமாகப் படியும். இடையில் மாட்டிய சிறு மூலக்கூறுகள் நெருங்கிக் கிடக்கும். அவை ஒன்றோடொன்று சங்கிலியாகக் கோப்பதற்கு, ஒவ்வொரு பிணைப்பிலும் ஒரு நீர் மூலக்கூறு வெளியேற வேண்டும். தண்ணீருக்குள் இருந்துகொண்டு தண்ணீரை வெளியே விடுவது லேசான வேலையல்ல, காயும்போது அது நடக்கும். மறுபடி நனைந்ததும் படலங்கள் பிரிந்து திரும்பவும் குமிழியாகும், இம்முறை சங்கிலிகளையும் உள்ளே வைத்துக்கொண்டு. டீமர் 1982இலேயே டி.என்.ஏயை இப்படிக் காயவைத்து நனைத்துக் குமிழிக்குள் அடைத்துக் காட்டியிருக்கிறார். நம் குளம் வருடத்துக்கு ஒரு முறைதான் வற்றும். டீமரின் கட்சியினர் சொல்லும் எரிமலைத் தீவின் வெந்நீர்க் குட்டையில் இது நாள்தோறும் நடந்திருக்கலாம்.

ஏன் கடலில் இல்லை? இதற்கு உங்கள் கிணற்றடியிலேயே பதில் இருக்கிறது. கேத்திலில் வெள்ளையாகப் படிகிற கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பாருங்கள். நுரை வராது, வெள்ளைத் திரளாகத் திரிந்து வாளியில் ஒட்டும். சவர்க்காரம் கொழுப்பமிலத்தின் உப்பு. தண்ணீரிலுள்ள கல்சியமும் மக்னீசியமும் அதைப் பிடித்துத் திரள வைத்துவிடுகின்றன. மழைத் தண்ணீரில் அதே சவர்க்காரம் பொங்கும். கொழுப்பமிலக் குமிழிக்கும் கடல்நீரில் அதே கதிதான்.

கடல் கட்சிக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. கொழுப்பமிலத்தோடு நீள்சங்கிலி அற்ககோல்களையும் கலந்தால் உப்புக் காரநீரிலும் குமிழி நிற்கிறது என்று 2019இல் லண்டனில் செய்து காட்டினார்கள். 2000இல் அத்திலாந்திக்கின் அடியில் கண்டுபிடிக்கப்பட்ட 'லொஸ்ட் சிற்றி' வெந்நீர் ஊற்றுகளை அவர்கள் பெரிதாக நம்புகிறார்கள். அங்கே காரநீரும் கடல்நீரும் சந்திக்கும் சுவரில் இயல்பாகவே ஒரு புரோத்தன் வேறுபாடு, அதாவது ஒரு பக்கம் ஐதரசன் அயன் கூடவும் மறுபக்கம் குறையவும் இருக்கும் நிலை, இருக்கிறது. இன்றுள்ள உயிர்கள் சக்தி எடுப்பதும் அப்படியொரு வேறுபாட்டை வைத்துத்தான். சக்தி விஷயத்தில் அவர்கள் கை ஓங்கியிருக்கிறது என்பேன். உறை விஷயத்தில் நான் குட்டைப் பக்கம்.

சேற்றுக்கும் பங்குண்டு. மொண்ட்மொரிலோனைட் என்ற களிமண் குமிழி உண்டாவதை வேகப்படுத்துகிறது என்று அமெரிக்காவில் ஆய்வு செய்யும் ஜாக் சோஸ்டாக்கின் குழு 2003இல் கண்டது. அதே களிமண், டி.என்.ஏயைப் போலப் பரம்பரைத் தகவலைத் தாங்கும் ஆர்.என்.ஏ சங்கிலியின் துண்டுகள் கோப்பதற்கும் உதவும். கூடுதல் நம்பிக்கையும் வேண்டாம்: டீமர் ரஷ்யாவின் கம்சட்காவில் நிஜ வெந்நீர்க் குட்டையொன்றில் இந்தப் பொருள்களைக் கொட்டிப் பார்த்தபோது, களிமண் அவற்றைத் தன்மேல் ஒட்டிவைத்துக்கொண்டது.

இதற்கெல்லாம் தடயத்தை நம் பாறைகளில் தேடிப் பயனில்லை. வவுனியாப் பக்கத்துக் கல்லெல்லாம் ஏறத்தாழ நூறு கோடி ஆண்டு மட்டில்தான், அதுவும் நிலத்தடியில் வெந்து உருமாறியது. மேற்கு அவுஸ்திரேலியாவின் பில்பராவில் 348 கோடி ஆண்டுக்கு முந்திய நுண்ணுயிர்ப் படிவுகள் உள்ளன. அதற்குள் கலம் வந்தாயிற்று.

சரி, உங்கள் இரண்டாவது கேள்வி. இல்லை, முழுதாக யாரும் செய்யவில்லை. துண்டு துண்டாக நிறையச் செய்திருக்கிறார்கள். புதுக் கொழுப்பமிலத்தை ஊட்டினால் குமிழி நூல்போல நீண்டு, லேசாகக் குலுக்கியதும் பல குமிழிகளாகப் பிரிவதை 2009இல் சோஸ்டாக்கின் ஆய்வுகூடம் காட்டியது. உள்ளே ஆர்.என்.ஏயைப் பிரதி எடுக்க மக்னீசியம் வேண்டும், அதே மக்னீசியம் உறையை உடைக்கும். தேசிக்காய்ப் புளிப்பில் இருக்கிறதே சித்திரிக் அமிலம், அதன் உப்பைச் சேர்த்து 2013இல் அதையும் சமாளித்தார்கள். இப்போது மாட்டிக்கொண்டிருப்பது வேறிடத்தில்: பிரதி எடுத்த இழை மூல இழையோடு ஒட்டிக்கொள்கிறது. சூடாக்கினால் பிரியும், ஆறியதும் அடுத்த பிரதி எடுப்பதற்குள் இரண்டும் திரும்ப ஒட்டிவிடுகின்றன.