பார்பரா ஸ்டீலை இன்றும் ஏன் கொண்டாடுகிறார்கள்?

பார்பரா ஸ்டீல் யார், அவர் நடித்த கறுப்பு வெள்ளைத் திகில் படங்கள் அறுபது ஆண்டுகள் கடந்தும் ஏன் தேடிப் பார்க்கப்படுகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். அவருடைய முகம்தான் காரணம் என்றே பெரும்பாலோர் சொல்வார்கள். அது சரிதான், ஆனால் அந்த முகத்துக்குப் பின்னால் இருந்த பெண்ணின் குரலை வெகுகாலம் நாம் கேட்கவே இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் பதில் முழுமை பெறும்.

1937 டிசம்பரில் இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட்டில் பிறந்த அவர், ராங்க் என்ற பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனத்தின் ஒப்பந்த நடிகையாகத் திரைக்கு வந்தார். அந்த ஒப்பந்தம் ஹாலிவுட்டின் ஃபாக்ஸ் நிறுவனத்துக்குக் கைமாறியது. அங்கே எல்விஸ் பிரெஸ்லி நடித்த 'ஃபிளேமிங் ஸ்டார்' (1960) படத்திலிருந்து ஸ்டீல் பாதியில் விலக, அந்த வேடம் பார்பரா ஈடன் என்ற நடிகைக்குப் போயிற்று.

அதே 1960இல் இத்தாலியில் மரியோ பாவா இயக்கிய 'பிளாக் சன்டே' வெளியானது. உட்புறம் கூரிய முட்கள் பதித்த முகமூடியொன்று சூனியக்காரி ஆசாவாக நடிக்கும் ஸ்டீலின் முகத்தை நோக்கி நெருங்க, அந்த முட்கள் நம் கண்ணுக்கு நேராகவே வருகின்றன. பிறகு பெரிய சம்மட்டி ஒரே அடியாக இறங்குகிறது. இரு நூற்றாண்டுகள் கழித்து, இடிந்த வழிபாட்டுக் கூடத்தின் வாசலில் இரண்டு பெரிய நாய்களைப் பிடித்தபடி அதே முகம், இம்முறை காட்யா என்ற அப்பாவிப் பெண்ணாக, அசையாமல் நிற்கிறது. முதன்முறை அந்தக் காட்சியைப் பார்த்தபோது, அவள் நல்லவளா கெட்டவளா என்று அந்தக் கண்களை வைத்து என்னால் முடிவு செய்ய இயலவில்லை. இரண்டுக்கும் இடம் தரும் அந்தப் பார்வைதான் ஸ்டீலின் கலை என்று கருதுகிறேன். பிரிட்டனில் அந்தப் படம் 1968 வரை தடைசெய்யப்பட்டிருந்தது.

இத்தாலியப் படங்களில் பின்னணிக் குரல் சேர்ப்பது அக்காலத்து வழக்கம் என்பதால் 'பிளாக் சன்டே'யில் ஒலிப்பது அவருடைய குரல் அன்று. அதைவிட வருத்தம் தருவது, அடுத்த ஆண்டு அமெரிக்க இயக்குநர் ரோஜர் கோர்மன் ஆங்கிலத்திலேயே எடுத்த 'தி பிட் அண்ட் தி பெண்டுலம்' படத்திலும், ஆங்கிலேயரான அவருக்கு வேறொருவர் குரல் கொடுத்ததுதான். 1963இல் இத்தாலிய இயக்குநர் ஃபெலினியின் '8½' படத்தில் குளோரியாவாக வந்து நகைச்சுவையும் தனக்குக் கைவரும் என்று காட்டிய பிறகும், பேய்மாளிகைக் கதைகளே அவரைத் தேடி வந்தன. எழுபதுகளில் ஜொனாதன் டெமி, டேவிட் க்ரோனன்பெர்க், ஜோ டான்டே போன்ற இளம் இயக்குநர்கள் அவரைத் தங்கள் படங்களுக்கு அழைத்தார்கள்.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கடந்துபோய்விடும் பகுதி இனிமேல்தான் வருகிறது. அமெரிக்கத் தயாரிப்பாளரும் இயக்குநருமான டான் கர்ட்டிஸுடன் சேர்ந்து தயாரிப்புப் பணியில் இறங்கிய ஸ்டீல், இரண்டாம் உலகப் போரைச் சொல்லும் 'தி விண்ட்ஸ் ஆஃப் வார்' (1983) தொலைக்காட்சித் தொடரிலும், நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலேயே காட்சிகள் படமாக்கப்பட்ட 'வார் அண்ட் ரிமெம்பரன்ஸ்' தொடரிலும் உழைத்தார். பின்னதன் தயாரிப்பாளர்களில் ஒருவராக 1989இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது பெற்றார். முகத்தை நம்பாமல் அவர் ஈட்டிய இந்த வெற்றியை நான் மிகவும் மதிக்கிறேன்.

2014இல் ரயன் காஸ்லிங் இயக்கிய 'லாஸ்ட் ரிவர்' படத்தில் அவர் பேச்சை விட்டுவிட்ட ஒரு பாட்டியாக வருகிறார். தொலைக்காட்சி முன் அமர்ந்து, தன் பழைய திருமணப் படச்சுருளையே மீண்டும் மீண்டும் பார்க்கிறார். வசனம் ஏதுமில்லை, அந்தக் கண்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன.