சந்தா பாக்கி வைத்திருப்பவருக்கு ஓட்டு இல்லை என்று சங்கச் செயற்குழு முடிவு செய்யலாமா?

சங்கத்தின் பைலாவில், அதாவது உள்விதிகளில், அப்படி ஒரு விதி இல்லையென்றால் முடியாது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் பதிவான சங்கம் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன். ஓட்டுரிமை உறுப்பினருக்குப் பைலா தந்தது. அதைப் பறிக்கவும் பைலாதான் வேண்டும். செயற்குழுத் தீர்மானமோ, “எப்போதும் இப்படித்தான் செய்கிறோம்” என்ற வழக்கமோ போதாது.

சிலர் 1860-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் 15-ஆம் பிரிவைக் காட்டுவார்கள். மூன்று மாதத்துக்கு மேல் சந்தா பாக்கி இருந்தால் ஓட்டில்லை என்று அதில் இருப்பது உண்மை. ஆனால் தமிழ்நாட்டில் பதிவான சங்கங்களுக்கு 1975 சட்டம்தான்.

பாக்கிக்காரரின் ஓட்டைத் தடுக்கத்தான் வேண்டுமென்றால் பைலாவைத் திருத்த வேண்டும். அதற்குப் பொதுக்குழுவில் சிறப்புத் தீர்மானம் தேவை. வந்திருந்து ஓட்டளிக்கும் தகுதியுள்ளவர்களில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாத ஆதரவு வேண்டும். 21 நாள் முன்னதாகவே அறிவிப்பு அனுப்பிவிடுங்கள். “பைலா திருத்தம்” என்று மொட்டையாகப் போடாமல், பழைய விதி, புதிய விதி இரண்டின் வாசகத்தையும் அறிவிப்போடு இணையுங்கள். இந்த ஓட்டெடுப்பில் பாக்கிக்காரர்களும் ஓட்டுப் போடலாம், ஏனென்றால் அவர்களைத் தடுக்கும் விதி இன்னும் பிறக்கவில்லை. நிறைவேறியதும் மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யுங்கள். காலையில் திருத்தம், மாலையில் அதை வைத்துத் தேர்தல் என்று நடத்தினால் வழக்கு நிச்சயம்.

விதியை எழுதுவதில்தான் பெரும்பாலான சங்கங்கள் சறுக்குகின்றன. “பாக்கி உள்ளவர் ஓட்டளிக்கக் கூடாது” என்ற ஒற்றை வரியை வைத்து எதையும் நடத்த முடியாது. எத்தனை மாதப் பாக்கி, எந்தத் தேதியில் கணக்கு, அபராதமும் வட்டியும் அதில் சேருமா, கணக்கே தவறு என்று எழுத்தில் ஆட்சேபித்திருப்பவர் நிலை என்ன? எல்லாம் விதிக்குள் இருக்க வேண்டும். வேலை செய்யும் வாசகம் இப்படி இருக்கலாம்: “ஆறு மாதத்துக்கு மேற்பட்ட சந்தாவைச் செலுத்தாத உறுப்பினருக்கு, கூட்டத்துக்கு 30 நாள் முன்னதாகப் பாக்கித் தொகையைக் குறிப்பிட்டு எழுத்தில் அறிவிப்பு அனுப்பப்படும். கூட்டத்துக்கு 7 நாள் முன்புவரை செலுத்தாவிட்டால் அந்தக் கூட்டத்தில் மட்டும் அவருக்கு ஓட்டில்லை. செலுத்திய நாளிலிருந்து உரிமை தானே திரும்பும்.” கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச வருகை) கணக்கிடும்போது இவர்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்றும் எழுதிவிடுங்கள். கூட்டத்துக்கு வருவதும் பேசுவதும் தனி உரிமைகள். ஓட்டைத் தடுத்ததால் வாசலிலேயே நிறுத்தலாம் என்று ஆகாது.

எனக்கு மிகவும் கவலை தருவது வேறொன்று. பிடிக்காத ஆளின் சந்தாவைப் பொருளாளர் வாங்காமல் இழுத்தடித்து, பிறகு அவரைப் பாக்கிக்காரர் என்பது. இது அப்பட்டமான அநியாயம். சங்க வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்தினாலும் செலுத்தியதாகவே கொள்ளப்படும் என்று விதியில் சேருங்கள். வாக்காளர் பட்டியலைக் கூட்டத்துக்கு 15 நாள் முன்பாவது ஒட்டி, ஆட்சேபங்களுக்குத் தேதியிட்டுப் பதில் தாருங்கள். கூட்டத்தன்று பெயரை அடிப்பதோ சேர்ப்பதோ கூடவே கூடாது.

ஒழுங்கு நடவடிக்கையாக ஓட்டை நிறுத்துவது இன்னொரு வகை. அதற்கும் பைலாவில் அதிகாரம் இருக்க வேண்டும். குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து, விளக்கம் கேட்டு, நேரில் பேச வாய்ப்பளித்து, காரணத்தோடு முடிவை எழுத வேண்டும். புகார் கொடுத்தவரே விசாரணைக் குழுவில் உட்கார்ந்தால் அந்த முடிவு நீதிமன்றத்தில் நிற்பது கடினம். கால வரம்பும், பொதுக்குழுவுக்கு மேல்முறையீடும் வையுங்கள்.

உங்கள் ஓட்டு ஏற்கெனவே மறுக்கப்பட்டிருந்தால், கூட்டம் முடிவதற்குள் ஆட்சேபத்தை எழுதிக் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்குங்கள். வாங்க மறுத்தால் அன்றே பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 1975 சட்டத்தின் 36-ஆம் பிரிவின்படி மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கேட்டால் பதிவாளர் விசாரிக்கலாம். ஆனால் தேர்தல் செல்லுமா செல்லாதா என்று தீர்த்துச் சொல்வது உரிமையியல் நீதிமன்றம்தான். பதிவாளர் அலுவலகத்துக்கே நடந்து மாதங்களைக் கடத்தாமல், பைலா நகல், சந்தா ரசீதுகள், கூட்ட அறிவிப்பு மூன்றையும் எடுத்துக்கொண்டு வழக்கறிஞரைப் பாருங்கள்.