குளிர் தாங்கல, மயாமிக்கு ஓடிடலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நானும் வீட்டுக்காரரும் சிகாகோல இருக்கோம். நேத்து கார் கண்ணாடில ஒட்டின ஐஸை சுரண்டிட்டு உள்ள வந்தவர், கையைக் கூட தேய்ச்சுக்காம "வர்ற வியாழக்கிழமை மயாமி போலாமா"ன்னு கேக்கறார். நடுவுல நாலே நாள்தான் இருக்கு, டிக்கெட் போடல, ஹோட்டல் பாக்கல. இப்படி திடுதிப்புன்னு கிளம்பினா சரிப்பட்டு வருமா?
– வாசகி, சிகாகோ

பதில்: தாராளமா கிளம்புங்கம்மா. அங்க ஜனவரில பகல்ல 75 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும், ராத்திரி 60 பக்கம் வரும், மழையும் அவ்வளவா கிடையாது, அவங்களுக்கு மழை சீசனே மே நடுவுலதான் ஆரம்பிக்கும். உங்க ஊர்ல இருந்து நேர் ஃப்ளைட்ல மூணு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல ஆகும், அவ்வளவுதான்.

டிக்கெட் விஷயத்துல மட்டும் ஒண்ணு. போட்ட 24 மணி நேரத்துக்குள்ள கேன்சல் பண்ணா முழுப்பணமும் திரும்ப வந்துடும்னு நம்ம ஆளுங்க எல்லாரும் தைரியமா இருப்பாங்க, ஆனா அமெரிக்க அரசு ரூல்படி அது கிளம்புறதுக்கு 7 நாளைக்கு முன்னாடியே போட்ட டிக்கெட்டுக்குத்தான் கட்டாயம், நாலு நாள்ல கிளம்புற உங்களுக்கு ஏர்லைன்ஸ்காரன் மனசு வெச்சாத்தான் உண்டு. அதனால முதல்ல ரெண்டு பேரும் ஆபீஸ்ல லீவு சொல்லி ஓகே வாங்கிடுங்க, அப்புறமா பே பட்டனை அமுக்குங்க. மயாமியோட சேர்த்து ஃபோர்ட் லாடர்டேல் ஏர்போர்ட்டையும் தேடிப் பாருங்க, 30 மைலுக்குள்ள வடக்கதான் இருக்கு, பல நாள் அதுதான் சல்லிசா கிடைக்கும்.

தங்கறதுக்கு சவுத் பீச். அது மயாமி பீச்னு ஒரு தனி ஊரோட தெற்குப் பக்கம், மயாமிக்கும் அந்த ஊருக்கும் நடுவுல பாலம். பீச்சை ஒட்டின ஓஷன் டிரைவ் தெரு மேலயே ரூம் எடுத்தீங்கன்னா ராத்திரி ஒரு மணிக்கும் பாட்டு சத்தம் ஜன்னலைத் தட்டும், ஒண்ணு ரெண்டு தெரு உள்ள தள்ளி காலின்ஸ் அவென்யூ, வாஷிங்டன் அவென்யூ பக்கம் எடுங்க, பீச்சுக்கு நடந்தே போயிடலாம். கார் வேண்டவே வேண்டாம், பார்க்கிங் காசுல ஒரு வேளை நல்லா சாப்பிடலாம். மயாமி ஏர்போர்ட்ல இருந்து பீச்சுக்கு 150ஆம் நம்பர் பஸ் இருக்கு, டாக்ஸியோட ஒப்பிட்டா அதெல்லாம் சில்லறைக் காசு, ஊருக்குள்ள சுத்தறதுக்கு டிராலின்னு ஒரு குட்டி பஸ் ஃப்ரீ.

காலைல வெயில் ஏறதுக்கு முன்னாடி ஓஷன் டிரைவ்ல ஒரு நடை நடங்க. 1930கள்ல ஆர்ட் டெகோன்னு சொல்ற அந்தக் கால பாணில கட்டின ஹோட்டலுங்க வரிசையா நிக்கும், முக்காவாசி ரெண்டு மூணு மாடிதான், இளம் ரோஸ், பிஸ்தா பச்சை, வெளிர் மஞ்சள். ஒவ்வொரு ஜன்னலுக்கு மேலயும் புருவம் மாதிரி ஒரு சிமெண்ட் பட்டை நீட்டிட்டு இருக்கும் பாருங்க, அது அலங்காரம் மட்டும் இல்ல, ஏசி இல்லாத காலத்துல உச்சி வெயில் உள்ள விழாம தடுக்க வெச்சது. இதையெல்லாம் இடிச்சுட்டு உயரமா கட்டணும்னு பில்டருங்க நின்னப்போ பார்பரா கேபிட்மேன்னு ஒரு அம்மா 1976ல ஆள் சேர்த்து மல்லுக்கு நின்னாங்க, 1979ல இந்த ஏரியா தேசிய வரலாற்றுப் பட்டியல்ல ஏறிடுச்சு. அதுக்கப்புறமும் சிலது இடிபட்டுச்சு, இருந்தாலும் நாம இன்னிக்கு பாக்கறது அவங்க புண்ணியம்.

இன்னொரு விஷயம், இந்த ஊர் வளர்ந்ததே குளிராலதான். 1894-95 குளிர்காலத்துல ரெண்டு தடவை உறைபனி விழுந்து ஃப்ளோரிடாவோட ஆரஞ்சுத் தோட்டமெல்லாம் கருகிப்போச்சு, தெற்குக் கோடில மட்டும் தப்பிச்சுது. அங்க நிலம் வெச்சிருந்த ஜூலியா டட்டில்னு ஒரு அம்மா "எங்க ஊர்ல பூ கூட வாடல பாருங்க"ன்னு ஆரஞ்சுப் பூவை ரயில் முதலாளி ஹென்றி ஃபிளாக்லருக்கு அனுப்பி வெச்சாங்கன்னு ஒரு கதை உண்டு. பூ கதை எவ்வளவு நிஜமோ, 1896ல ரயில் வந்துச்சு, அதே வருஷம் மயாமி நகரமும் ஆச்சு, இப்போ பீச்சுக்குப் போற பாலத்துல ஒண்ணுக்கு அந்தம்மா பேருதான்.

ஒரே ஒரு நாள் மட்டும் வாடகைக் கார் எடுத்து மேற்கால எவர்கிளேட்ஸ்னு சதுப்பு நில தேசியப் பூங்காவுக்குப் போயிட்டு வாங்க, ஷார்க் வேலி நுழைவாயில் ஒரு மணி நேரத்துக்குள்ள வந்துடும். 15 மைல் வட்டப் பாதை, சைக்கிளும் கிடைக்கும், டிராம் வண்டியும் கிடைக்கும், நடுவுல ஒரு கோபுரம். குளிர்காலத்துல தண்ணி வத்தி, மிச்சம் இருக்கற குட்டைங்ககிட்ட பறவையும் அலிகேட்டர் முதலையும் கூடிடும், கொசுவும் கம்மி, அதனால போறதுன்னா இப்பதான் போகணும். ரோட்டோரத்துலயே அலிகேட்டர் வாயைத் திறந்து படுத்திருக்கும், வேலி கீலி எதுவும் கிடையாது, அதான் செல்ஃபிக்காக கிட்ட போகாதீங்க, குறைஞ்சது 15 அடி. கீ வெஸ்ட் போலாம்னு அவர் ஆரம்பிச்சா வேணாம்னு சொல்லிடுங்க, போக மட்டும் 160 மைல், சின்ன டிரிப்ல ஒரு நாள் ஸ்டீயரிங்லயே போயிடும்.

ஒரு ஸ்வெட்டர் மட்டும் பைல போட்டுக்கோங்க. வடக்குக் காத்து திடீர்னு இறங்கினா ராத்திரி 40கள்ல வந்துடும். 2020 ஜனவரில அப்படி ஆனப்போ, குளிர்ல விறைச்ச இகுவானாங்க (பெரிய ஓணான் மாதிரி) மரத்துல இருந்து விழும், பாத்து நடங்கன்னு அங்க இருக்கற வானிலை ஆபீஸே சொல்லுச்சு. செத்துப் போச்சுன்னு நினைச்சு தூக்காதீங்க, வெயில் பட்டா எழுந்து ஓடிடும்.

கேள்வி: ரூம் 180 டாலர்னு ஆசை காட்டறான், கடைசி பக்கத்துல வேற என்னமோ ஒரு தொகை வருதே சார்?
– வாசகர், நியூ ஜெர்சி

பதில்: ரூமுக்கு 14 சதவீதம் வரி, அது போக ரிசார்ட் ஃபீஸ்னு ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு ஒண்ணு, 2025 மே வரைக்கும் அதைக் கடைசிலதான் காட்டிட்டு இருந்தாங்க, இப்போ முதல் விலையிலயே சேர்த்துக் காட்டணும். அந்த ஃபீஸ்ல பீச் சேரும் டவலும் அடக்கமா இருக்கும் பல இடத்துல, அவங்களா சொல்ல மாட்டாங்க, கேட்டு வாங்கிக்கோங்க. சவுத் பீச் ஹோட்டல்ல சாப்பிட்டாலும் பில்லை முழுசா படிங்க, 18 இல்ல 20 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் அவங்களே போட்டிருப்பாங்க, அதுக்குக் கீழ டிப்ஸ் கட்டமும் காலியா இருக்கும், ரெண்டு தடவை குடுத்துட்டு வராதீங்க. டிசம்பர் முதல் வாரம் ஆர்ட் பேசல் கண்காட்சி, அப்புறம் நியூ இயர், பிப்ரவரில பிரசிடெண்ட்ஸ் டே வீக்கெண்ட், மார்ச் ஸ்ப்ரிங் பிரேக், இதெல்லாம் விலை எகிறுற நேரம். நியூ இயர் கூட்டம் கலைஞ்ச பின்னாடி வர்ற ரெண்டு வாரம்தான் நம்ம மாதிரி திடீர் பயணக்காரங்களுக்கு சரி.

கேள்வி: எனக்கு எச்1பி வேலை விசா, மனைவிக்கு அதோட சேர்ந்த எச்4. அனுமதி கிடைச்ச ஐ-797 பேப்பர் இருக்கு, ஆனா பாஸ்போர்ட்ல விசா ஸ்டாம்ப் முடிஞ்சு போச்சு. மயாமில இருந்து பஹாமாஸுக்கு மூணு நாள் குரூஸ் ரொம்ப மலிவா வருது, ஏறிடலாமா?
– வாசகர், அட்லாண்டா

பதில்: ஏறவே ஏறாதீங்க தம்பி. கப்பல் மயாமிலயே கிளம்பி மயாமிக்கே வந்தாலும் பஹாமாஸ் வேற நாடு, திரும்பறப்போ புதுசா நுழையற மாதிரிதான் கணக்கு. முடிஞ்ச ஸ்டாம்போட திரும்ப உள்ள விடற சலுகை உங்க எச் விசாவுக்கு கனடா, மெக்சிகோக்கு 30 நாளுக்குள்ள போயிட்டு வந்தா மட்டும்தான், பக்கத்துத் தீவுங்களுக்கு அது படிக்க வந்த எஃப், ஜே விசாக்காரங்களுக்குத்தான். மலிவு டிக்கெட்டை நம்பி பஹாமாஸ் தலைநகர் நசாவுல போய் மாட்டிக்கிட்டு அங்க இருந்து இந்தியாவுக்கு ஸ்டாம்பிங் போற கதை நமக்கு எதுக்கு? கடல்ல போயே ஆகணும்னா மயாமி பேசைட்ல இருந்து விரிகுடாவை சுத்திக் காட்டற படகு இருக்கு, ஒன்றரை மணி நேரம், பணக்காரங்க வீட்டுப் பின்பக்கமெல்லாம் பாத்துட்டு வரலாம்.

கேள்வி: அவர் சைவம், நான் எல்லாம் சாப்பிடுவேன். சண்டை வராம எங்க சாப்பிடறது?
– வாசகி, டெட்ராய்ட்

பதில்: க்யூபாக்காரங்க ஏரியாவான லிட்டில் ஹவானாவுக்குப் போங்க, காயே ஓச்சோன்னு சொல்ற எட்டாம் தெரு. அவருக்கு பழுத்த நேந்திரங்காயை வறுத்த மதுரோஸ், காயைத் தட்டி ரெண்டு தடவை பொரிச்ச டோஸ்டோனஸ், ரெண்டும் நம்ம நாக்குக்கு ஒத்துப்போகும். கறுப்பு பீன்ஸும் சோறும் பாக்க சைவமா இருக்கும், பல இடத்துல பன்னிக்கறி துண்டு போட்டு வேகவெச்சிருப்பாங்க, கேட்டுட்டு வாங்கச் சொல்லுங்க. உங்களுக்கு ஸ்டோன் கிராப், அக்டோபர் 15ல இருந்து மே 1 வரைக்கும்தான் பிடிக்கலாம், கொடுக்கை மட்டும் ஒடிச்சு எடுத்துட்டு நண்டைத் திரும்ப கடல்லயே விட்டுடுவாங்க, தப்பிச்சுதுன்னா மறுபடி முளைக்கும். விலை மட்டும் கேட்டுட்டு உக்காருங்க!

சாப்பிட்ட அப்புறம் தெருவைப் பாத்த ஜன்னல் கவுன்டர்ல கோலாடான்னு ஒரு க்யூபா காபி வாங்குங்க. காபி டிகாக்ஷன் முதல்ல சொட்டற நாலு சொட்டுல சர்க்கரையைப் போட்டு நுரை பொங்க அடிச்சு அது மேல மிச்சத்தை ஊத்துவாங்க, ஒரு தெர்மாகோல் கப்பும் விரலளவு குட்டி பிளாஸ்டிக் கப்புங்களும் குடுப்பாங்க, அது பங்கு போட்டுக் குடிக்கத்தான். அவர் ஒருத்தரே முழுசையும் குடிச்சாருன்னா அன்னிக்கு ராத்திரி உங்களையும் தூங்க விட மாட்டார்.

கேள்வி: என் பொண்ணும் மாப்பிள்ளையும் அங்க போறாங்களாம். ரெண்டு பேருக்குமே நீச்சல் தெரியாது, தண்ணில இறங்கலாமா?
– ஒரு அம்மா, சென்னை

பதில்: இறங்கலாம்மா, தண்ணி அவ்வளவு ஜில்லுன்னும் இருக்காது, ஜனவரிலயும் 70 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேலதான். கலர் கலரா சின்ன மரவீடு மாதிரி லைஃப்கார்டு கூண்டு இருக்கும், அதுக்கு நேரா மட்டும் இறங்கட்டும், இடுப்புக்கு மேல தண்ணி வேண்டாம். கூண்டுல கொடி பறக்கும், பச்சைன்னா ஆபத்து குறைவு, மஞ்சள்னா கவனம், சிவப்புன்னா நீச்சல் தெரியாதவங்க கரையோட நின்னுக்கணும், ரெட்டைச் சிவப்புன்னா யாரும் இறங்கக்கூடாது. ஊதாக் கொடின்னா கொட்டற ஜீவன் வந்திருக்குன்னு அர்த்தம், குளிர்காலத்துல கிழக்குக் காத்து அடிச்சா மேன் ஓ வார்னு ஒண்ணு நீல பலூன் மாதிரி மணல்ல ஒதுங்கும், காஞ்சு கிடந்தாலும் வால் பட்டா சுரீர்னு கொட்டும், அழகா இருக்கேன்னு மாப்பிள்ளை போட்டோவுக்குக் கையில எடுக்காம இருக்கச் சொல்லுங்க.